சின்னவளின் பட்டை

நோயில்கூடத் தன்னோடு போட்டிக்கு வந்துவிட்டாள் என்றுதான் பெரியவளுக்குத் தோன்றியது.

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். கீழ் வீடு அண்ணன் குடும்பத்துக்கு, மாடி தம்பி குடும்பத்துக்கு. பெரியவள் கேக் கடையில் வேலை பார்த்தவள். கேக்கின் மேல் க்ரீமைப் பிழிந்து பெயர் எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிறந்தநாள் பிள்ளையின் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு சின்னக் கேக்குக்குள் அழகாக உட்கார வைத்துவிடுவாள். சின்னவள் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். நிமிர்ந்த முதுகு, வீசி நடக்கும் நடை. அவள் படியேறிப் போனால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தங்களை அறியாமல் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள்.

பெரியவளுக்கு அவள் மேல் இருந்த வயிற்றெரிச்சல் இன்று நேற்று வந்ததில்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது துடைத்துவிட்டதும் துணி மாற்றியதும் பெரியவள். கடைசி மூச்சுக்கு முன்னால் மாமியார் கூப்பிட்டது சின்னவளை. காற்றும் வெளிச்சமும் வரும் மாடி சின்னவளுக்குப் போனது. தெருப் புழுதி முழுக்க உள்ளே வந்து உட்காரும் கீழ் வீடு பெரியவளுக்கு வந்தது. சின்னவளின் கணவர் காய்கறிப் பையைத் தானே தூக்கிவருவார். பெரியவளின் கணவர் கதவைத் திறந்துவிடுவார். அதற்கே ஒரு முக்கல்.

இப்படி எல்லாவற்றிலும் ஒரு படி கீழே நின்ற பெரியவளுக்கென்று தனியாக வந்தது பார்க்கின்சன் நோய் மட்டும்தான். கடையில் கேக்கின் மேல் எழுதும் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. முதல் எழுத்து பெரிதாக இருக்கும், கடைசி எழுத்து எறும்பாகிவிடும். "என்னம்மா, க்ரீமை மிச்சம் பிடிக்கிறியா?" என்று முதலாளி கேலி செய்தார். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டாள். அந்தத் துக்கத்துக்கு நடுவே ஒன்று நடந்தது. வீட்டில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் காபி போட்டுக் கொடுத்தார். கொழுந்தன் வந்து நலம் விசாரித்தார். சின்னவளே கீழே இறங்கி வந்து, "அக்கா, நான் பிசைஞ்சு தர்றேன்" என்று மாவுப் பாத்திரத்தை வாங்கினாள்.

அதுவும் நீடிக்கவில்லை. ஒருநாள் சின்னவளின் வலது கை வீசாமல் விலாவோடு ஒட்டிக்கிடப்பதை அவள் கணவர் கவனித்தார். பெரியவளைப் பார்க்கும் அதே நரம்பு டாக்டரம்மாவிடம் போனார்கள். அதே நோய்.

"இது ஒட்டிக்கிற வியாதி இல்லை. நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தமும் இல்லை. தற்செயல்தான்" என்றார் டாக்டர்.

"உனக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு" என்றார் பெரியவளின் கணவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பெரியவளோ, இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டாள் என்று மனசுக்குள் புகைந்தாள். அடுத்த நிமிடமே, சீ, இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியதில் புகை அடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த வருஷம்தான் உடம்பில் மாட்டிக்கொள்ளும் சென்சார்களைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் இருவரையும் எதிரில் உட்கார வைத்து விளக்கினார்.

"மாசத்துல ஒரு தடவை, பத்து நிமிஷம்தான் உங்களைப் பாக்குறேன். என்னைக் கண்டதும் எல்லாரும் நல்லா நடந்து காட்டுறீங்க. வீட்டுக்குப் போனதும் நட்டு வெச்ச மாதிரி நிக்கிறீங்க. மாத்திரை எப்ப வேலை செய்யுது, எப்ப விட்டுப்போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இதைக் கட்டிக்கிட்டா நடுக்கம், வேகம், நடை எல்லாத்தையும் இது நாள் முழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கும்."

வீட்டில் வந்து மாட்டிவிட்டவர் ஆஸ்பத்திரி டெக்னீஷியன். நடுத்தர வயது, மூக்குக்கண்ணாடி சரிந்துகொண்டே இருக்கும், எதையும் இரண்டு தடவை சொல்லும் ஆள். வீட்டில் அவருக்குப் பட்டைக்காரர் என்று பெயராகிவிட்டது. மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, கணுக்காலுக்கு ஒரு பட்டை. பெரியவளுக்குப் பழுப்பு நிறம், சின்னவளுக்கு நீலம். பட்டையின் நடுவே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், அதுதான் சென்சார். அழுத்தினால் டக்கென்று பட்டையில் உட்கார்ந்துகொள்ளும். தகவலை வாங்கி அனுப்பும் பெட்டி கீழ் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல். சாயங்காலம் குளிக்கப் போகும்போது இருவரும் பட்டைகளைக் கழற்றி அந்தப் பெட்டி மேல் வைத்து சார்ஜ் ஏற்ற வேண்டும்.

"பட்டை நிறம் பாத்துக் கட்டுங்க. நிறம் பாத்துக் கட்டுங்க" என்றார் பட்டைக்காரர்.

முதல் வாரம் முடிந்ததும் அவர் வந்து தம் கையிலிருந்த திரையில் இருவருடைய கோடுகளையும் காட்டினார். சின்னவளின் நடைக் கோடு ஏற்ற இறக்கமில்லாமல் நிதானமாக ஓடியது. பெரியவளின் கோடு மேடும் பள்ளமுமாக, குழந்தை கிறுக்கியதுபோல இருந்தது.

"மாடி அம்மாவோடது எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க! பாடப் புத்தகத்துல போடலாம்" என்று அவர் வாய் நிறையச் சொன்னார். பிறகுதான் பெரியவளின் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு ரொம்ப வருஷமாச்சு இல்லம்மா, அதான்" என்று இழுத்தார்.

சின்னவள் கூச்சத்துடன் சிரித்தாள். "எனக்கு இப்பத்தான ஆரம்பம்? அக்கா அளவுக்குத் தாங்குற சக்தி எனக்கு ஏது?"

அவள் மனதாரத்தான் சொன்னாள். பெரியவளின் காதில் அது பரிசு வாங்கியவளின் பணிவாக விழுந்தது. போதாக்குறைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது கணவர் ஆரம்பித்தார்.

"நீயும் அவளை மாதிரி காலையில ஒரு நடை போயிட்டு வரலாம்ல? உக்காந்தே இருந்தா கோடு எப்படி நேரா வரும்?"

"என் கோட்டைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை?"

"நல்லதுக்குச் சொன்னா கோவத்தைப் பாரு."

அன்று சாயங்காலம் ஆண்கள் இருவரும் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார்கள். சின்னவள் வழக்கம்போல் நீலப் பட்டைகளைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, "குளிச்சிட்டு வந்து எடுத்துக்கிறேன்க்கா" என்று மாடிக்குப் போனாள். மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பெரியவள் தன் பழுப்புப் பட்டைகளையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். நான்கு பொத்தான்களும் ஒரே மாதிரி இருந்தன. எது யாருடையது என்று சொன்னது பட்டையின் நிறம் மட்டும்தான்.

முதலில் சும்மா எடுத்துப் பார்க்கத்தான் நினைத்தாள். நீலப் பட்டையிலிருந்து பொத்தானைக் கழற்றுவது லேசில்லை; கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. கழன்று வந்ததும் அதைத் தன் பழுப்புப் பட்டையில் வைத்து அழுத்தினாள். டக். தன்னுடையதை நீலத்தில் வைத்தாள். டக். கால் பட்டைகளுக்கும் அப்படியே. சும்மா இருக்கும்போது உதறிக்கொண்டே கிடக்கும் அவள் கை, இந்த வேலையைச் செய்யும்போது கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த சின்னவள் நீலப் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"என்னக்கா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"புழுக்கமா இருக்கு."

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை டாக்டர் தன்னைப் பாராட்ட வேண்டும். அப்புறம் திரும்ப மாற்றி வைத்துவிடலாம். அவ்வளவுதான் பெரியவளின் கணக்கு.

பாராட்டு கிடைத்தது. மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "அடடே! என்ன செஞ்சீங்க? நடை, வேகம் எல்லாம் ஆளே மாறின மாதிரி இருக்கே!"

"காலையில நடக்குறேன் டாக்டர்" என்றாள் பெரியவள். நாக்கு தடுமாறவில்லை.

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று கணவர் பூரித்துப் போனார். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அவர் எல்லார் முன்னாலும் அவள் தோளைத் தட்டினார்.

"இவ்வளவு நல்லா இருக்கும்போது மாத்திரையைக் கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாம். பின்னாடி தேவைப்படும்போது ஏத்திக்கலாம்" என்றார் டாக்டர். பிறகு சின்னவளின் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "உங்களுதுதான் வேகமா இறங்கியிருக்கு. மாத்திரையைக் கூட்டணும்."

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே டாக்டர்."

"மெதுவா வர்றது நமக்கே தெரியாதும்மா. அதுக்குத்தான இந்தப் பட்டை."

சின்னவளின் முகம் சுண்டிப்போனதைப் பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரு மிட்டாயை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டதுபோல் இருந்தது. அந்தத் தித்திப்பு வீடு வந்து சேரும்வரை தாங்கியது.

பொத்தான்களைத் திரும்ப மாற்றிவிடுவதற்குத் தினமும் வாய்ப்பிருந்தது. இன்றைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். மாற்றினால் கோடு மறுபடியும் கிறுக்கலாகிவிடும். கணவர் மறுபடியும் வாயைத் திறப்பார்.

மாத்திரை குறைந்ததும் பெரியவளின் உடம்பு மரமாகத் தொடங்கியது. கட்டிலிலிருந்து எழ அரும்பாடு பட்டாள். அடுப்படி வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். முன்னால் குனிந்து நிற்பாள், கால் வராது. கணவரிடம் சொல்லவும் முடியவில்லை. ரிப்போர்ட்டில் நன்றாக இருப்பவள் எப்படி நடக்க முடியவில்லை என்று சொல்வாள்?

மாடியில் நடந்தது அதைவிட மோசம். மாத்திரை கூடியதும் சின்னவளின் உடம்பு அவள் சொல்லைக் கேட்காமல் தானாக நெளிய ஆரம்பித்தது. தோள் ஒரு பக்கம் முறுக்கும், கழுத்து ஒரு பக்கம் சாயும், உட்கார்ந்தால் ஒரு கால் தாளம் போடும். தண்ணீர்த் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மார்பில் கொட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். பெரியவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. இங்கே நான் கட்டையாகக் கிடக்கிறேன், எட்டிப் பார்க்க நாதியில்லை. அவளைப் பார்க்க ஊரே திரண்டு போகிறது என்றுதான் உள்ளே எரிந்தது.

ஒரு மத்தியானம் சின்னவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பு வளைய வளைய, படியிறங்கி வந்தாள். பெரியவளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டிலும் சேர்ந்து ஆடியது.

"அக்கா, நோய் முத்திட்டா இப்படித்தான் ஆகுமா?"

பெரியவள் சுவரைப் பார்த்தாள்.

"நீங்க இத்தனை வருஷமா இதை எப்படித் தாங்கினீங்க? நான் உங்களுக்கு ஒண்ணுமே செஞ்சதில்லை. ஏதோ மாவு பிசைஞ்சு குடுத்துட்டுப் பெரிய உதவின்னு நெனச்சிட்டிருந்தேன். எனக்கு வந்த பிறகுதான் தெரியுது." சின்னவளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள். கை முகத்தைத் தாண்டி எங்கோ போனது. பெரியவள் தன் விறைத்த கையை மெல்ல நகர்த்தி, புடவைத் தலைப்பால் அந்தக் கன்னத்தை ஒற்றினாள். பொத்தானை மாற்றியதை அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் டெலிபோன் வந்தது. பட்டைக்காரர்தான் பேசினார். பெரியவளின் கணவர் போனை மேஜை மேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். சின்னவளும் அவள் கணவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"டாக்டர் ரெண்டு பேரோட ரிப்போர்ட்டையும் பாத்தாங்க. கீழ் வீட்டு அம்மாவுக்கு ஆட்டம் ரொம்ப அதிகமா காட்டுது. மருந்து கூடிப்போச்சு போல, இன்னும் குறைக்கச் சொல்றாங்க. மாடி அம்மாவுக்கு அசைவே இல்லை, இறுகிப்போயிருக்காங்க. இன்னும் ஒரு மாத்திரை கூட்டச் சொல்றாங்க."

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிரே சின்னவள் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தாள். பெரியவள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க சொல்றீங்க? ஆடுறது இவ, இறுகிக் கிடக்கிறது அண்ணி!" என்றார் கொழுந்தன்.

பெரியவள் சின்னவளின் முறுக்கும் தோளைப் பார்த்தாள். தான் சும்மா இருந்தால் சின்னவளின் வாய்க்குள் இன்னும் ஒரு மாத்திரை போகும். அதற்குப் பிறகு இன்னும் ஒன்று. இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் ஓடி எங்கே போய் முட்டுவார்கள்?

"பட்டை மாறியிருக்கும்" என்றாள். "சார்ஜர்ல வைக்கிறப்ப மாறிப்போச்சு போல. புது மாத்திரை எதுவும் குடுக்க வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். கொழுந்தன் சிரிக்கக்கூடச் செய்தார். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. தன் மணிக்கட்டிலிருந்த நீலப் பட்டையை உற்றுப் பார்த்தாள். நடுவிலிருந்த பொத்தானைப் பெயர்க்கப் பார்த்தாள், அது அசையவில்லை. பிறகு பெரியவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஆடுகிற தலையில் கண்கள் மட்டும் ஆடாமல் நின்றன.

டாக்டர் உடனே பழைய அளவு மாத்திரைக்கே இருவரையும் திருப்பினார். இரண்டு மூன்று நாளில் சின்னவளின் நெளிவு அடங்கியது, பெரியவளுக்குக் கால் வந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பட்டைக்காரர் புதுப் பட்டைகளோடு வந்தபோது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார் பெரியவளின் கணவர்.

"ஆஸ்பத்திரியில என்னைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. நான்தான் மாத்தி மாட்டியிருப்பேன்னு சொல்றாங்க. இதுதான் கடைசி, இனிமே என்னை வீடுகளுக்கு அனுப்ப மாட்டாங்களாம்." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நான் சரியாத்தான் மாட்டினேன். சரியாத்தான் மாட்டினேன்."

அவர் கிளம்பியதும் சின்னவள் பின்தங்கினாள். ஆண்கள் வாசலில் நின்றிருந்தார்கள்.

"அக்கா, பட்டை மாறலை. என் கையில நீலம்தான் இருந்துச்சு, எப்பவும். பொத்தான்தான் மாறியிருக்கு. அது தானா மாறாது."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன்க்கா?"

"உன் கோடு நல்லா இருந்துச்சு" என்றாள் பெரியவள். சொன்ன பிறகு அது எவ்வளவு அற்பமாகக் கேட்டது என்று அவளுக்கே தெரிந்தது. "எல்லாமே உனக்கு நல்லா வாய்ச்சுது. வியாதிகூட. என்னால தாங்க முடியல."

சின்னவளின் குரல் தாழ்ந்திருந்தது. "நான் செத்துப்போயிடுவேன்னு நெனச்சேன். உங்க பக்கத்துல உக்காந்து அழுதேன். நீங்க என் கண்ணைத் துடைச்சீங்க."

"தெரியும்."

"இவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மனுஷன் பொழப்புல மண்ணு விழக்கூடாது. அதை நீங்கதான் பாத்துக்கணும்." சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

மறுநாள் பெரியவள் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். கணவர் கூட வந்தார். அவரை வெளியே உட்கார வைக்க நினைத்து, பிறகு வேண்டாம் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எதிரில் உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் சொன்னாள். "பட்டைக்காரர் மேல தப்பில்லை டாக்டர். பொத்தானைக் கழட்டி மாத்துனது நான். வேணும்னேதான் மாத்துனேன்."

கணவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். டாக்டரின் முகம் சிவந்தது.

"உங்களுக்குப் புரியுதா நீங்க என்ன செஞ்சீங்கன்னு? இன்னும் ஒரு மாசம் போயிருந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் கீழ விழுந்து எலும்பு முறிஞ்சிருக்கும். இந்த வயசுல இது விளையாட்டா?"

பெரியவள் வாங்கிக்கொண்டாள். டாக்டர் நிறைய நேரம் திட்டினார். திட்டி ஓய்ந்ததும் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "அன்னிக்கு நானும் உங்களை எழுந்து நடக்கச் சொல்லிப் பாத்திருக்கணும். திரையையே பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டேன். ம்... நடங்க பாக்கலாம். கதவுவரைக்கும் போயிட்டு வாங்க."

அவள் நடந்தாள். திரும்பும் இடத்தில் கால் ஒட்டியது. கணவர் எழுந்து வந்து கையைக் கொடுத்தார். முகத்தைத்தான் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "அவ்வளவு பொறாமையா உனக்கு?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது?"

சாயங்காலம் மாடிக்குப் போய்த் தம்பியிடம் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கொழுந்தன் அடுத்த நாளே வந்து சார்ஜர் பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போனார். அண்ணி என்று கூப்பிடவில்லை. பட்டைக்காரர் வேலைக்குப் பங்கமில்லை. அவர் மறுபடி வந்தபோது பெரியவளிடம் மட்டும் ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லவில்லை. அதுவே அவருடைய கோபம்.

சின்னவள் கீழே வராமல் பல வாரங்கள் போயின. மேலே அவள் நடமாடும் காலடி ஓசை கூரை வழியாகப் பெரியவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். நிதானமான, சீரான நடை. அதைக் கேட்கும்போது நெஞ்சில் பழைய எரிச்சல் எழும். கூடவே அந்த ஓசை நின்றுவிடக்கூடாதே என்ற பயமும் எழும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல இருந்தது அவளுக்கு.

ஒருநாள் காலை சின்னவள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவள் முதல் படியிலேயே நின்றுவிட்டாள். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. அசையவில்லை. பெரியவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஓ, இவளுக்கும் கால் ஒட்ட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு துளி சந்தோஷம் இருந்ததா என்று தன்னையே சந்தேகமாகத் தேடிப் பார்த்தாள். இருந்தது. ஒரு துளிதான். மெல்ல நடந்து வெளியே போனாள்.

"படியைப் பாக்காத. எதிர்ல இருக்கிற சுவரைப் பாரு. நான் எண்ணுறேன், எண்ணுற தாளத்துக்கு வை" என்றாள்.

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சுவரைப் பார்த்தாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

கால் எழுந்தது. பெரியவள் எண்ண எண்ணச் சின்னவள் ஏறினாள். பாதிப் படிக்கு மேல் எண்ணிக்கை தேவைப்படவில்லை. அவள் பாட்டுக்கு விறுவிறுவென்று போனாள். உச்சிப் படியில் நின்று கீழே பார்த்தாள்.

"இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கேன்" என்றாள்.

"இரு" என்றாள் பெரியவள். "நானும் இன்னும் பொறாமையாத்தான் இருக்கேன். எப்படி ஏறிப் போற பாரு!"

மேலே சின்னவளின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையோ அடக்கினாளா என்று கீழேயிருந்து தெரியவில்லை. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பெரியவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போக முதல் அடியை எடுத்து வைத்தாள்.